கேளிக்கைப் பூங்காவும் காலத் தேர்வும்

குடும்பத்தோடு ஓரிடத்துக்குச் சென்று ஒரு நாளை மகிழ்ச்சியாகக் கழித்து வருவது கேட்பதற்கு எளிய செய்தியாகவே தோன்றும். எங்கே செல்வது, எவ்வளவு செலவாகும், எவற்றை எடுத்துச் செல்வது என்னும் வினாக்களை வீட்டார் அனைவரும் கூடியிருந்து ஆராய்கின்றனர். ஆனால், எப்போது செல்வது என்னும் வினாவை மட்டும் பெரும்பாலும் எவரும் எழுப்புவதில்லை. பள்ளிக்கு விடுமுறை விட்டவுடன் செல்வது என்று அது தானே முடிவாகிவிடுகின்றது. அவ்வாறு தானே முடிவாகிவிடும் ஒன்று தக்க முடிவுதானா என்பதை இங்கு நாம் ஆராயப் புகுகின்றோம்.

ஆங்கிலத்தில் 'தீம் பார்க்' என்று வழங்குவதைத் தமிழில் 'கருப்பொருள் பூங்கா' என்று பெயர்த்து எழுதுவோர் உளர். மொழிபெயர்ப்புப் பணியில் நாள்தோறும் சொற்களோடு பழகும் நமக்கு அந்தச் சொல்லைக் காணுந்தோறும் தொல்காப்பியம் நினைவுக்கு வருகின்றது. தொல்காப்பியர் அகத்திணைக்கு உரிய பொருள்களை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாக வகுத்தார். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் ஆகும். பொழுதும் பெரும்பொழுது, சிறுபொழுது என இருவகைப்படும். ஆண்டின் பருவம் பெரும்பொழுது. நாளின் வேளை சிறுபொழுது. கருப்பொருளுக்கு முன்னே முதற்பொருளை வைத்த அந்த முறை பூங்காவுக்குச் செல்வோர்க்கும் பொருந்தும். பூங்காவினுள் என்னென்ன ஊர்திகள் உள்ளன என்று காண்பதற்கு முன், நிலத்தையும் பொழுதையும் காண வேண்டும்.

முதலில் நிலத்தைக் காண்போம். தாணே கழிமுகத்துக்குக் கிழக்கே அமைந்த நவி மும்பையில் நெருள் ஒரு பகுதி. தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய இடங்களில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் கிளைகள் இங்கே வந்து தங்கியுள்ளன. நேரே தமிழ்நாட்டிலிருந்து பணியின் பொருட்டு வந்தோரும் பலர். இவர்கள் குழந்தைகளை அழைத்துச் செல்வதற்குரிய இடங்கள் சில உள்ளன. நெருளிலேயே நவி மும்பை மாநகராட்சி அமைத்த வண்டர்ஸ் பார்க்கில் உலக அதிசயங்கள் ஏழின் மாதிரிகளைக் காணலாம். மும்பையின் வடமேற்கே கொராயில் 1989-ஆம் ஆண்டு தோன்றிய எஸ்ஸல்வேர்ல்டு முன்னர் நெடுங்காலம் இயங்கி வந்தது. அதன் அருகில் 1998-ஆம் ஆண்டு வாட்டர் கிங்டம் என்னும் நீர்ப்பூங்கா எழுந்தது. கோபோலிக்கு அருகே 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆட்லாப்ஸ் இமாஜிகா என்னும் பெயரோடு ஒரு பெரும் பூங்கா திறக்கப்பெற்றது; அடுத்த ஆண்டு அதனோடு ஒரு நீர்ப்பூங்காவும் சேர்ந்தது. நெருள்வாசிகள் பன்வேல் வழியாகச் சாலையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் அங்கே சென்றடையலாம். ஆதலால், குடும்பத்தின் பெரிய பயணம் என்றால் இன்று பலரும் நினைப்பது அந்தப் பூங்காவையே.

இனிப் பெரும்பொழுது. தமிழர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். மும்பைக்கு வந்த தமிழர் தம்மோடு கொண்டுவந்த பொருள்களுள் இந்தப் பருவக் கணக்கும் ஒன்று. ஆனால், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இப்பால் இக்கணக்கு அப்படியே செல்லுபடியாவதில்லை. தமிழ்நாட்டில் முதுவேனில் எனப்படும் ஆனியும் ஆடியும் இங்கே மழை மிகுந்த மாதங்கள். அங்கே அடைமழைக்குப் பெயர்பெற்ற ஐப்பசியில் இங்கே மழை ஓய்ந்து வெயில் சுள்ளென்று அடிக்கின்றது. ஊரின் வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே நாள் குறிப்பவர்களும், இங்குள்ள வழக்கத்தை எண்ணிக்கொண்டு ஊரில் நாள் குறிப்பவர்களும் இடர்ப்படுவது இதனாலேயே.

கோடை விடுமுறையை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் இறுதி தொடங்கி ஜூன் நடுப்பகுதி வரை பள்ளிகள் மூடப்பெறுகின்றன. ஏன் மூடப்பெறுகின்றன? குழந்தைகள் வெயிலில் வருந்தலாகாது என்பது முதன்மையான காரணம். வெயிலுக்கு அஞ்சிப் பள்ளியை மூடிவிட்டு, அதே வெயிலில் அதே குழந்தைகளை நண்பகல் வரிசைகளில் மணிக்கணக்காக நிறுத்துகின்றோம். சற்றே எண்ணிப் பார்த்தால் இதன் முரண்பாடு விளங்கும். கோடையில் உல்லாசப் பயணம் என்னும் வழக்கம் குளிர்நாட்டினர்க்கு இயல்பாகப் பொருந்துவது. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் 1843-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற டிவோலித் தோட்டம் நெடுங்காலம் கோடையில் மட்டுமே இயங்கி வந்தது. அந்நாட்டின் கோடை நம் நாட்டு மார்கழியின் பகலைப் போன்றது. அவர்கள் நாட்காட்டியை நாம் கைக்கொள்ளலாம். அவர்கள் வெயிலை நாம் பெற முடியாது.

குளிர்நாட்டினரும் சில வேளைகளில் வெயிலுக்குத் தப்புவதில்லை. அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் வால்ட் டிஸ்னி அமைத்த டிஸ்னிலாந்து 1955-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் திறக்கப்பெற்றது. அன்று வெப்பம் ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ். போலி நுழைவுச் சீட்டுகளோடு பலர் புகுந்தமையால், அழைக்கப்பெற்றோரினும் மிகப் பலர் உள்ளே நெருக்கிக்கொண்டு நின்றனர். புதிதாக இட்ட தார்த் தளம் இளகி மகளிரின் குதிகால் உயர்ந்த காலணிகள் அதில் புதைந்தன. குடிநீர்க் குழாய்கள் பலவற்றில் நீர் வரவில்லை. உலகப் புகழ்பெற்ற பூங்காவின் முதல் நாளே, கோடை வெயிலும் கூட்டமும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு எடுத்துக்காட்டாயிற்று.

இந்த 38 டிகிரி என்னும் எண்ணை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள், நெருளுக்கு அணித்தே உள்ள கார்கரில், மகாராஷ்டிர அரசின் விருது வழங்கும் விழா ஒன்று திறந்தவெளியில் நிகழ்ந்தது. பல லட்சம் மக்கள் நிழலின்றி நண்பகல் கடந்தும் அமர்ந்திருந்தனர். வெப்பத் தாக்கினால் 14 பேர் உயிரிழந்தனர். அன்று அருகிலிருந்த வானிலை நிலையத்தில் பதிவான வெப்பமும் ஏறத்தாழ 38 டிகிரிதான். மதுரையிலும் வேலூரிலும் வாழ்ந்தோர்க்கு 38 டிகிரி என்பது அச்சமூட்டும் எண் அன்று. அவ்வாறாயின் இங்கே அது எவ்வாறு உயிரைக் கவர்ந்தது?

இதற்கு விடை காற்றில் உள்ள ஈரத்தில் இருக்கின்றது. நம் உடல் வியர்வையை வெளிப்படுத்தி, அது ஆவியாகும்போது குளிர்கின்றது. காற்று வறண்டிருந்தால் வியர்வை விரைவில் ஆவியாகும். கடற்கரையை ஒட்டிய இப்பகுதியில் காற்று நீராவி நிறைந்தது. வியர்வை பெருகுமேயன்றி ஆவியாவதில்லை. உடலின் வெப்பம் உள்ளேயே தங்கிவிடுகின்றது. மேலும், வானிலை நிலையம் கூறுவது நிழலில் எடுத்த அளவு. நேர் வெயிலில், சிமிட்டித் தளத்தின் மீது நிற்பவர் உடலில் படும் வெப்பம் அதனினும் மிக அதிகம். குழந்தைகளின் உடல் விரைவில் சூடேறும். முதியோர்க்குத் தாகம் எடுப்பதே குறைவு. தமக்கு நீர் வேண்டும் என்பதை அவர்கள் உணர்வதற்குள் தளர்ச்சி வந்துவிடும். இரத்த அழுத்தத்துக்காக மாத்திரை உட்கொள்வோர் சிலர்க்கு உடலின் நீர் மேலும் குறையும். கோடை விடுமுறையில் ஊரிலிருந்து தாத்தாவும் பாட்டியும் வந்திருக்கும் வேளையில், அவர்களையும் உடன் அழைத்துச் செல்வதே நம் குடும்பங்களின் வழக்கம் என்பதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒருவர் உடல் கொதிப்புற்று, பேச்சுக் குழறி, நிலை தடுமாறினால் அதனை வெறும் களைப்பு என்று தள்ளிவிடலாகாது. உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடையைத் தளர்த்தி, உடலை நீரால் நனைத்து விசிற வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் நீர் புகட்டலாகாது. பூங்காவின் முதலுதவி அறைக்குச் செய்தி அனுப்புவதோடு 108 என்னும் எண்ணுக்கும் தொலைபேசியில் அறிவிக்க வேண்டும். நாள் குறிக்கும்போதே கருத்தோடு இருப்பின் இத்தகைய நிலைமை பெரும்பாலும் நேராது.

அடுத்தது மழைக்காலம். இந்திய வானிலைத் துறையின் கணக்குப்படி, மும்பையில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாள் ஜூன் 11. விடைபெறும் சராசரி நாள் அக்டோபர் 8. இந்த நான்கு மாதங்களில் மட்டும் இந்நகரில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகின்றது. சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் என்று ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் பெருக்கம் புலனாகும். சராசரி நாள் என்பதும் உறுதி நாள் அன்று. 2025-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாளே பருவமழை மும்பையை அடைந்துவிட்டது. மே மாதத்தின் கடைசி வாரத்துக்கு முன்பணம் செலுத்திவிட்டுக் குடையோடு நின்றவர்கள் அவ்வாண்டு பலராயிருத்தல் கூடும்.

மழையில் நனைந்தால் என்ன, குழந்தைகள் விரும்புவார்களே என்று சிலர் கேட்கலாம். சாரல் இனியதுதான், கூட்டமும் குறைவுதான். நுழைவுச் சீட்டும் சில வேளைகளில் மலிவாகக் கிடைக்கும். ஆயினும், பெருமழையும் மின்னலும் உண்டாகும்போது திறந்தவெளியில் உயர்ந்து செல்லும் ஊர்திகளை நிறுத்திவைப்பதே முறை. இடியோசை கேட்டபின் அரை மணி நேரமேனும் திறந்தவெளியில் நில்லாதிருப்பது நன்று. ஆகவே, முழுச் சீட்டுக்குப் பொருள் கொடுத்துவிட்டு, கூரையின் கீழ் அமர்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரிடலாம்.

சாலையின் நிலையும் கருதத்தக்கது. கோபோலி, கடலிலிருந்து வரும் மேகங்கள் மோதும் மலையின் அடிவாரத்தில் இருக்கின்றது. மலைப்பாங்கான அக்காலாப்பூர் வட்டத்திலேயே இர்சால்வாடி என்னும் சிற்றூர் இருந்தது. 2023-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் இரவு, தொடர்மழையால் மலை சரிந்து அவ்வூரின் மீது விழுந்தது. 27 உடல்கள் மீட்கப்பெற்றன. மேலும் 57 பேர் காணாமற்போயினர். உல்லாசப் பயணத்தையும் அத்துயரத்தையும் ஒருங்கே பேசுவது நம் நோக்கமன்று. மலையடிவாரத்து ஆடி மழையை நகரத்தின் சாளரத்திலிருந்து காணும் மழையைப் போல எளிதாக எண்ணலாகாது என்பதே நாம் கூற வந்தது. மலைநாட்டில் இயங்குவோர் இதனை நன்கு அறிவர். நேரலிலிருந்து மாதேரான் செல்லும் சிறு இரயில், மழைக்காலத்தில் அப்பாதையில் நிறுத்தப்படுவது நெடுநாளைய வழக்கம். நெருளுக்கும் நேரலுக்கும் பெயரில் வேறுபாடு சிறிதே. மழையில் வேறுபாடு பெரிது.

மழை நீங்கிய அக்டோபரில் பலர் ஏமாந்துவிடுகின்றனர். மழை போயிற்று, இனிக் குளிர் வரும் என்று கருதுகின்றனர். ஆனால் மேகத்திரை விலகிய வானத்தில் வெயில் நேரே இறங்குகின்றது. நனைந்த நிலத்திலிருந்து எழும் ஈரமோ இன்னும் குறையவில்லை. இங்குள்ளோர் இதனை 'அக்டோபர் வெப்பம்' என்றே பெயரிட்டு அழைக்கின்றனர். இது நவம்பரில் படிப்படியாகத் தணிகின்றது. நவம்பர் நடுப்பகுதி தொடங்கி பிப்ரவரி நடுப்பகுதி வரையில், பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டியும், அதிகாலை வெப்பம் 20 டிகிரிக்குக் கீழும் இருக்கின்றது. காற்றின் ஈரமும் குறைகின்றது. இதுவே இப்பகுதியில் திறந்தவெளியில் நாள் முழுதும் நடமாடத்தக்க பருவம். நெருளின் நீர்நிலைகளுக்குக் குளிர்காலத்தில் கூட்டங்கூட்டமாக வந்து தங்கி, மழைக்கு முன் திரும்பிவிடும் பூநாரைகளும் இப்பருவத்தின் அருமையை அறிந்தனபோலும்.

பருவம் ஒன்று மட்டும் பார்த்தால் போதாது. நல்ல பருவத்திலும் கூட்டம் மிகுந்த நாள்கள் உண்டு. கூட்டம் எவ்வாறு வரிசையாக மாறுகின்றது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். ஓர் ஊர்தியில் ஒரு சுற்றுக்கு 24 பேர் ஏறலாம் என்றும், மூன்று நிமிடத்துக்கு ஒரு சுற்றுப் புறப்படுகிறது என்றும் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 20 சுற்றுகள். ஆக 480 பேர் ஏறி இறங்கலாம். மணிக்கு 400 பேர் வந்தால் வரிசை என்று சொல்லத்தக்கது ஏதும் இராது. மணிக்கு 600 பேர் வந்தாலோ, ஒவ்வொரு மணியிலும் 120 பேர் எஞ்சி நிற்பர். நான்கு மணி நேரத்தில் எஞ்சியோர் 480 பேர். இறுதியில் வந்து நிற்பவர் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

இக்கணக்கில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. வந்தவர் தொகை பெருகியது ஒன்றுக்கு ஒன்றரை மடங்கே. காத்திருக்கும் நேரமோ ஏதும் இன்மையிலிருந்து ஒரு மணி நேரமாயிற்று. ஊர்தியின் கொள்ளளவைக் கடந்துவிட்டால், கூட்டத்தில் சிறிது கூடினாலும் துன்பம் பெரிதாகக் கூடும். பூங்காவில் ஒருவர் செலவிடும் நேரம் ஏறத்தாழ எட்டு மணி. ஒவ்வோர் ஊர்திக்கும் ஒரு மணி நேரம் நின்றால், உணவுக்கும் நடைக்கும் போக ஐந்து அல்லது ஆறு ஊர்திகளில் ஏறலாம். கால் மணி நேரமே நின்றால் அதே சீட்டில் பன்னிரண்டுக்கு மேலும் ஏறலாம். செலுத்திய பொருள் ஒன்றே. பெற்ற பயன் இருமடங்கு. ஆதலின், தள்ளுபடிச் சீட்டைத் தேடுவதினும் கூட்டமில்லாத நாளைத் தேடுவது சிறந்த சிக்கனம் ஆகும்.

கூட்டத்தின் எல்லை எதுவரை செல்லும் என்பதற்கு ஹாங்காங் டிஸ்னிலாந்து ஒரு சான்று. 2005-ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பெற்ற அப்பூங்காவுக்கு, அடுத்த ஆண்டு சீனப் புத்தாண்டு விடுமுறையின்போது பெருங்கூட்டம் வந்தது. இடம் நிறைந்துவிட்டதென வாயிலை மூடினர். முறையாகச் சீட்டு வாங்கியிருந்தவர்களும் வெளியே நிறுத்தப்பெற்றனர். சிலர் குழந்தைகளை வேலிக்கு மேலே தூக்கி உள்ளே அனுப்ப முயன்றனர். குழந்தையை மகிழ்விக்க வந்த பெற்றோர் அக்குழந்தையையே ஆபத்தில் ஏற்றும்படி கூட்டம் மனத்தை மாற்றிவிடுகின்றது.

நம் பகுதியில் கூட்டம் மிகும் நாள்கள் எவை? தீபாவளியை அடுத்த வாரம், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையான நாள்கள், ஞாயிற்றுக்கிழமைகள், வெள்ளியோ திங்களோ அரசு விடுமுறையாக அமைந்து மூன்று நாள்கள் தொடர்ந்து வரும் ஓய்வு நாள்கள் ஆகியன. இந்நாள்களில் மும்பை-புனே விரைவுச் சாலையிலும் வண்டிகள் அடைத்துக்கொண்டு நிற்பது வழக்கம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் பள்ளிகள் மாணவரைக் கூட்டமாக அழைத்து வருவதும் உண்டு. ஆதலால், வேலை நாள் என்று நம்பிச் செல்வோர், அன்று பள்ளிக் குழுக்கள் வருகின்றனவா என்பதை முன்கூட்டியே பூங்கா அலுவலகத்தில் கேட்டறிவது நலம். கூட்டம் குறைந்த காலத்திலேயே ஊர்திகளைப் பழுதுபார்ப்பர் ஆகையால், எவையெவை இயங்குகின்றன என்பதையும் அதே வேளையில் கேட்டுவிடலாம்.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கின், எஞ்சும் நாள்கள் எவை என்பது தெளிவாகின்றது. நவம்பரின் பின்பாதி முதல் டிசம்பர் 20 வரையான வேலை நாள்கள் ஒரு தொகுதி. ஆனால், நெருள்வாழ் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் கார்த்திகை முதல் நாள் தந்தையோ தமையனோ ஐயப்பனுக்கு மாலை அணிந்துவிடுகின்றனர். விரதம் காக்கும் வீட்டில் உல்லாசப் பயணத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை. மகரவிளக்கும் பொங்கலும் முடிந்த பின்னரே அவ்வீடுகளில் ஓய்வு. தை பிறந்தால் வழி பிறக்கும் என்னும் பழமொழி இந்தச் சிறு செய்திக்கும் பொருந்தி வருகின்றது. பொங்கல் கழிந்த அடுத்த வாரம் முதல் மாசி பிறக்கும் வரை, அதாவது ஏறத்தாழ ஜனவரி 20 முதல் பிப்ரவரி 12 வரை, குடியரசு நாளையும் அதனை ஒட்டிய ஓய்வு நாள்களையும் விலக்கிவிட்டு, செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று கிழமைகளுள் ஒன்றைக் கொள்வதே தலைசிறந்த தேர்வு. வெயில் மிதமானது, மழை இல்லை, கூட்டம் குறைவு, வீட்டில் விரதமும் இல்லை.

பள்ளிக்கு விடுமுறை எடுக்க வேண்டுமே என்னும் தடை எழும். ஆண்டுத் தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள் உள்ள வேளையில், ஐந்தாம் வகுப்பில் பயிலும் குழந்தை ஒரு நாள் வாராமையால் பெரிய இழப்பு நேராது. முன்னதாக ஆசிரியரிடம் உண்மையைக் கூறி இசைவு பெறுவதே முறை. காய்ச்சல் என்று கடிதம் எழுதுவது குழந்தைக்கு நாம் கற்பிக்கும் தீய பாடமாகிவிடும். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பயில்வோர் உள்ள வீட்டில் அவ்வாண்டு இப்பயணத்தை ஒத்திவைப்பதே நன்று. தேர்வு முடிந்தபின் வெயில் கடுமையாகிவிடும். அடுத்த நவம்பர் வரை பொறுத்திருக்கலாம்.

விடுப்பு எடுக்க இயலாதவர்களும் பலர் உளர். நாட்கூலி பெறுவோர்க்கும் சிறு கடை நடத்துவோர்க்கும் ஒரு வேலை நாளை இழப்பது எளிதன்று. அத்தகையோர் தீபாவளி விடுமுறையின் இறுதி நாள்களைக் கருதலாம். பண்டிகை முடிந்த முதல் வாரத்தின் நெருக்கடி அப்போது தணிந்திருக்கும். கோடையில் தவிர வேறு காலமில்லை என்போர், முதியோரை வீட்டில் இருத்தி, நீர்ப்பூங்காவைத் தேர்ந்து, நண்பகலில் கூரையுள்ள இடத்தில் தங்குவதற்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். நீரில் இருப்பவர்க்கும் வெயில் தாக்கும் என்பதை மறத்தலாகாது. உடல் குளிர்ந்திருப்பதால் அது தெரிவதில்லை என்பதே வேறுபாடு. டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் நீர்ப்பூங்காவுக்குச் செல்வோர், காலையில் நீர் சில்லென்றிருக்கும் ஆகையால், சிறு குழந்தைகளை முற்பகல் நடுவேளைக்குப் பின்னரே நீரில் இறக்குவது தக்கது.

விடுமுறையில் தமிழ்நாட்டுக்குச் சென்று, அங்கே பூங்காக்களைக் காண விரும்புவோரும் உண்டு. இவர்கள் பருவக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பொழிகின்றது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளமும், 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வீசிய வர்தா புயலும், 2023-ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயலும் நேயர்கள் நினைவில் இருக்கும். மும்பையில் மிகச் சிறந்ததாகிய டிசம்பர் முதல் வாரமே சென்னையில் ஐயத்துக்கு உரியது. அங்கேயும் தையும் மாசியும் நல்லவை. மே மாதத்தில் கத்திரி வெயிலின்போது கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்காக்களில் குழந்தைகளோடு அலைவது எவர்க்கும் இன்பம் தாராது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரில் ஆண்டின் பெரும்பகுதி மிதமான தட்பவெப்பம். அதன் அருகே பிடதியில் 2005-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற வொண்டர்லா, கோடை விடுமுறையைத் தவிர வேறு வாய்ப்பில்லாதவர்க்கு ஓரளவு உதவும். கொச்சிக்குச் செல்வோர் ஜூன், ஜூலை மாதங்களைத் தவிர்க்க வேண்டும்.

மத்திய அரசு ஊழியர்க்கு விடுப்புப் பயணச் சலுகை உண்டு. நான்காண்டுத் தொகுதியில் ஒருமுறை, சொந்த ஊருக்கு மாறாக இந்தியாவில் எவ்விடத்துக்கும் செல்ல அது இடமளிக்கின்றது. தொகுதி முடியும் கடைசி மாதங்களில் அவசரமாக நாள் குறிப்பதால், பருவம் தவறிய பயணங்கள் பல நேர்கின்றன. இரயிலில் முன்பதிவு செய்யும் காலமும் 2024-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தொடங்கி 120 நாள்களிலிருந்து 60 நாள்களாகக் குறைக்கப்பெற்றது. பிப்ரவரி தொடக்கத்தில் பயணம் செய்ய விரும்புவோர் டிசம்பர் தொடக்கத்திலேயே விழிப்பாக இருத்தல் வேண்டும்.

இனிச் சிறுபொழுது. தேர்ந்தெடுத்த நாளிலும் தக்க வேளை உண்டு. வாயில் திறக்கும் முன்பே சென்றடைவோர், முதல் ஒரு மணி நேரத்தில் வரிசை நீளாத நிலையில் பெரிய ஊர்திகள் இரண்டு மூன்றில் ஏறிவிடலாம். நண்பகலுக்குச் சற்று முன்னரே உணவை முடித்துக்கொண்டால், பிறர் உணவுக்குச் செல்லும் வேளையில் ஊர்திகள் எளிதில் கிடைக்கும். நண்பகல் முதல் மூன்று மணி வரை கூரையின் கீழ் நிகழும் காட்சிகளைக் காண வேண்டும். எற்பாட்டிலும் மாலையிலும் மீண்டும் வெளியே வரலாம். தொலைவிலிருந்து வந்தோர் மாலையில் திரும்பத் தொடங்குவதால், பூங்கா மூடுவதற்கு முன்னுள்ள ஒரு மணி நேரமும் பெரும்பாலும் வசதியானதே.

நாளைத் தேர்வதுபோலவே ஆண்டைத் தேர்வதும் உண்டு. பெரிய ஊர்திகள் பலவற்றில் குறிப்பிட்ட உயரத்துக்குக் குறைந்த குழந்தைகளை ஏற்றுவதில்லை. இது பாதுகாப்பின் பொருட்டு வகுத்த விதி. இருக்கையின் பூட்டு சிறிய உடலைத் தாங்கிப் பிடிக்காது. அண்ணன் ஏறிச் செல்ல, தங்கை அளவுக்கோலின் கீழ் நின்று அழும் காட்சியைப் பூங்காதோறும் காணலாம். புறப்படும் முன் வீட்டுச் சுவரிலேயே குழந்தையின் உயரத்தை அளந்து, பூங்காவின் விதியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அந்த அழுகையைத் தவிர்க்கலாம். சிறிது குறைவாயின் ஓராண்டு பொறுக்கலாம். அதுவரை நெருளின் வண்டர்ஸ் பார்க் போன்ற அண்மையிலுள்ள பூங்காக்களில் ஒரு மாலைப்பொழுதைக் கழிப்பது குழந்தைக்குப் போதும்.

ஒரு நடுத்தரக் குடும்பத்தில் நால்வரோ ஐவரோ பெரிய பூங்கா ஒன்றுக்குச் சென்று திரும்ப ஆகும் செலவு சிறிதன்று. பல மாதங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஆண்டுக்கு ஒருமுறையோ, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ செல்கின்ற பயணம் அது. ஊரிலிருந்து வந்த பாட்டிக்கு அது வாழ்வில் ஒரே முறை காணும் காட்சியாகவும் இருக்கலாம். அந்த நாளில் அவர் நிழலில் ஓர் இருக்கையில் அமர்ந்து, பேரக்குழந்தைகள் ஊர்தியில் சுற்றுவதைக் கண்டு சிரிப்பதற்கும், வெயிலில் தலை சுற்றி முதலுதவி அறையில் படுத்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு, பல வேளைகளில் நாட்காட்டியில் நாம் வட்டமிட்ட நாளைப் பொறுத்ததே. நிலமும் பொழுதும் பொருந்தினால் உரிப்பொருளாகிய மகிழ்ச்சி தானே அமையும். ஆதலின், அடுத்த முறை பயணம் பற்றிய பேச்சு எழும்போது, வீட்டார் நாட்காட்டியை எடுத்து நடுவில் வைத்து, எப்போது என்னும் வினாவையே முதல் வினாவாகக் கேட்பாராக.